பத்தரை மணிப் படம்

இமயமலையின் பனிப்பரப்பைக் கோவையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களில் அளந்தவன் நான். மூன்று ஆண்டுகள் அதுதான் வேலை. ஒரு நாளும் பனியைக் கையால் தொட்டதில்லை. பிறகு நீலகிரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஆராயும் திட்டத்துக்கு மாற்றினார்கள். ஊர்ப்பட்டியலில் அவலாஞ்சி என்ற பெயரைப் பார்த்ததும், ஆங்கிலத்தில் பனிச்சரிவு என்றல்லவா பொருள், நமக்கேற்ற இடம்தான் என்று மகிழ்ந்தேன். அங்கே சரிந்தது மண் என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் வாரமே மானம் போனது. பனியைக் கண்டுபிடிக்கும் பழைய கணினி நிரலை நீலகிரிப் படத்தின் மேல் அப்படியே ஓட்டினேன். எமரால்டு, அப்பர் பவானி அணைகளில் முழுக்கப் பனி! பனி பச்சை ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத குற்றலை அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். மேகம் இரண்டையும் திருப்பும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பனியையும் மேகத்தையும் பிரிக்கிறோம். ஆனால் தண்ணீரும் குற்றலை அகச்சிவப்பை விழுங்கும் ரகம். அண்மை அகச்சிவப்பு என்ற இன்னொரு ஒளியில் பனி பளிச்சென்றும் தண்ணீர் கறுப்பாகவும் தெரியும் என்பதால், அங்கே ஒரு வரம்பு வைத்தால் தீர்ந்தது. தேவையில்லை என்று அந்த வரியை நீக்கியிருந்தவனும் நானே.

வரியைத் திரும்பச் சேர்த்தேன். அணைகள் மீண்டும் தண்ணீராயின. ஜனவரிப் படங்களில் பனி என்று ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. ‘உறைபனி இல்லை’ என்று குறிப்பெழுதிவிட்டு ஊட்டி அருகிலுள்ள தலைக்குந்தாவுக்குப் போனேன்.

காலை ஆறரை மணி. பள்ளத்துப் புல்வெளி உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்திருந்தது. ஒரு புல்லைக் கிள்ளினேன். விளிம்பு நெடுக ஊசி ஊசியாகப் படிகம். விரல் சூட்டில் நீராகி வழிந்தது. மேட்டிலிருந்த தேயிலையில் ஒன்றுமில்லை. இமயத்தில் ஏற ஏறப் பனி, இங்கே தலைகீழ். மேகமும் காற்றும் இல்லாத இரவில், குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வடிந்து பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. சோலைக்காட்டு மரக் கன்றுகளைக் கருக்கிப் பள்ளத்தைப் புல்வெளியாகவே வைத்திருப்பதில் அதற்கும் பங்குண்டு. நாங்கள் ஆராயும் ஓடைகள் பலவும் அந்தப் புல்வெளிகளில்தான் பிறக்கின்றன.

காரட் தோட்டத்துப் பெரியவரிடம் கேட்டேன்: “ஐயா, இது எதுவரை இருக்கும்?”

“வெயில் பட்டால் போயிற்று. எட்டரைக்கு மேல் தேடினாலும் கிடைக்காது. உங்கள் செயற்கைக்கோள் எத்தனை மணிக்கு வரும், தம்பி?”

“பத்தரைக்கு மேல்.”

“பந்தி முடிந்து இலையெடுத்த பிறகு வருகிறது என்று சொல்லுங்கள்.”

லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் 16 நாளைக்கு ஒரு முறை, சென்டினல்-2 இரட்டைகள் 5 நாளைக்கு ஒரு முறை. எது வந்தாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஒரே மாதிரி வெளிச்சத்தில் எடுத்தால்தான் படங்களை ஒப்பிட முடியும் என்று வேண்டுமென்றே வைத்த நேரம் அது. இரவில் வெப்பம் அளக்கும் மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவி இருக்கிறது. அதன் ஒரு கட்டமே ஒரு கிலோமீட்டர். தலைக்குந்தாப் பள்ளம் அதில் எந்த மூலைக்கு?

மிச்சமிருப்பது எச்சில் இலையை வைத்துச் சமையலை ஊகிக்கும் வழி. டிசம்பர், ஜனவரிப் படங்களை ஒப்பிட்டுப் புல் எங்கே கருகியிருக்கிறது என்று பார்க்கிறேன். ஆனால் மழையில்லாமலும் புல் காயும். பனி விழுந்த தேதி தெரியாமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

அதனால் பனிக்காலத்தில் தினமும் காலை ஏழு மணிக்குப் பெரியவருக்குப் போன் செய்கிறேன். “இன்று நீர்ப்பனிதான், தம்பி” என்பார். சில நாள், “உறைபனி. குழாயில் தண்ணீர் வரவில்லை” என்பார். அட்டவணையில் அதற்கென ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன். என்ன தலைப்பு கொடுப்பதென்று புரியாமல் ‘பெரியவர்’ என்றே போட்டிருக்கிறேன்.