புகார் கொடுத்தது நான், 107 ரெண்டு பேருக்கும்

ஆறு மாதத்துக்கு யாரோடும் சண்டை போட மாட்டேன் என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். ஏதோ பெரிய கேஸில் மாட்டிக்கொண்டேன் என்றுதான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இன்னும் நினைப்பு. மீதிப் பேர் ஆளில்லாத நேரம் பார்த்து வந்து "107 போட்டா என்னங்க பண்ணுவாங்க" என்று விசாரிக்கிறார்கள். இனிமேல் சண்டை போட மாட்டேன் என்று எழுதி வாங்குகிற சட்டப்பிரிவுதான் இந்த 107. ஒவ்வொருத்தருக்காகச் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

கொண்டலாம்பட்டி தாண்டி, கஞ்சமலை தெரிகிற பக்கம் எங்கள் ஊர். வீட்டை ஒட்டி நாலு விசைத்தறி போட்டிருக்கிறேன். எதிர்வரிசையில் ரெண்டு வீடு தள்ளி ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர். அவருக்கு நான் அண்ணா, எனக்கு அவர் தம்பி. என் மகள் காதுகுத்துக்கு மைக் செட் அவருடையதுதான், வண்டி வாடகை மட்டும் வாங்கிக்கொண்டார். அப்படிப்பட்ட ஆள். ஆடி பிறந்து கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் சேலம் சுற்றுவட்டாரம் முழுக்க அம்மன் பண்டிகைதான், அவருக்குத் தூக்கமே இருக்காது. ராத்திரி பதினொன்றரைக்கு வண்டி வந்து நிற்கும், பாக்ஸ்களை இறக்குவார்கள், அதுவரை சரி. அப்புறம்தான் தொல்லை. இறக்கின பாக்ஸில் எது கரகரக்கிறது என்று பார்ப்பதற்காக அந்த நேரத்திலேயே ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து ஒரு பாட்டை ஓடவிடுவார். பேஸ் விழும்போதெல்லாம் எங்கள் சமையலறை ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்திருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கும். அம்மா எழுந்து உட்கார்ந்துகொள்வார். பிரஷர் மாத்திரை போடுகிறவர், ஒருமுறை எழுந்தால் விடியும்வரை முழிப்புதான்.

ரெண்டு தடவை நல்லவிதமாகச் சொன்னேன். "இன்னிக்கு ஒரு நாள்ணா" என்றார், அந்த ஒரு நாள் பத்து நாளாக ஓடியது.

2025 ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு புதன்கிழமை ராத்திரி நான் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். தப்புதான். கேட்டுவிட்டுப் பிடுங்கியிருக்கலாம், அல்லது பிடுங்காமல் போன் செய்திருக்கலாம். அவர் பையன் என் நெஞ்சில் கை வைத்தான், நான் தள்ளினேன், வாயில் வரக்கூடாத வார்த்தை ரெண்டு பக்கமும் வந்தது, என் செருப்பு வார் அறுந்தது, தெருவில் அத்தனை வீட்டு லைட்டும் எரிந்தது. 112-க்கு அடித்தது நான்தான். அவர்கள் சிட்டியா ரூரலா என்று கேட்டார்கள், எங்கள் ஊர் எல்லையில் இருப்பதால் எனக்கே சட்டென்று சொல்ல வரவில்லை. அரைமணி நேரத்தில் ரோந்து வண்டி வந்தது, பேர்களை எழுதிக்கொண்டு "காலைல பத்து மணிக்கு ரெண்டு பேரும் ஸ்டேஷன் வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் எங்கே. போனில் சட்டம் படித்தேன். 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளில் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்காக அரசு விலக்கு கொடுத்தாலும் 12 மணி வரைதான், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45. பகல் சத்தத்துக்குப் புகார் என்றால் அந்த அளவைவிட 10 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் ராத்திரிக் கட்டுப்பாட்டை மீறினாலே புகார் கொடுக்கலாம், மீட்டர் வைத்து அளக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் போனில் டெசிபல் ஆப் இறக்கிப் பத்து நாளாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன், ஸ்டேஷனில் ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி எடுத்த வீடியோ ரெண்டுதான் உதவியது.

சரி, சட்டம் நம் பக்கம் என்ற தைரியத்தில் மனுவோடு போனேன். மனுவில் வசனம் வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம், வீட்டில் யாருக்கு என்ன பாதிப்பு, இவ்வளவு போதும். கொடுத்ததும் மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "அப்புறம் தரோம்" என்றால் பெஞ்சில் உட்கார்ந்துவிடுங்கள், நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவரும் மனுவோடு வந்துவிட்டார். நான் கெட்ட வார்த்தை பேசினேன், பையனைத் தள்ளினேன், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் ஆகிவிட்டது, இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கடைசி வரியை நான் எதிர்பார்க்கவில்லை: "மேற்படியார் தனது வீட்டில் நான்கு விசைத்தறிகளை இரவு பத்து மணி வரை இயக்கி வருவதால் அக்கம்பக்கத்தினர் நிம்மதியின்றி இருக்கிறோம்."

சப்-இன்ஸ்பெக்டர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. பதினெட்டு வருஷமாக தறியில் அந்த நாடா அடிக்கிற சத்தத்தில்தான் எனக்குச் சோறு, அது சத்தம் என்றே என் காதில் விழுந்தது கிடையாது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏங்க, பொதுத்தொல்லைனு 292 போட்டா அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபா. தெருவுல அடிச்சுக்கிட்டதுக்கு 194 போட்டா ரெண்டு பேருமே குற்றவாளிங்க, ரெண்டு பேரும் கோர்ட்டுக்கு அலையணும். எனக்கு வேண்டியது ஆடி முடியிற வரைக்கும் உங்க தெருவுல இருந்து போன் வரக்கூடாது. ரெண்டு பேர் மேலயும் 107 எழுதி அனுப்பிடறேன்." யார் முதலில் ஆரம்பித்தது, யார் பக்கம் நியாயம், இதையெல்லாம் அவர் கேட்கவே இல்லை. புகார் கொடுத்தவன் நான் என்று ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

107 என்பது பழைய பேர். 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். என்ற புது நடைமுறைச் சட்டத்தில் அது 126. ஸ்டேஷனில் எழுதுவது 126, வாயில் வருவது 107. வீட்டுக்கு வந்து 126 என்று தேடினேன், ஒருவரை முறைகேடாக வழிமறிப்பது, ஒரு மாதம் ஜெயில் அல்லது 5,000 ரூபாய் அபராதம் என்று வந்தது. நான் யாரை வழிமறித்தேன்? வீட்டுக்காரி அழ ஆரம்பித்துவிட்டாள். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கிற சொந்தக்காரர் ஒருவர்தான் போனில் தெளிய வைத்தார். அது பி.என்.எஸ். 126, தண்டனைச் சட்டம். எனக்கு வந்தது கடைசியில் இன்னொரு எஸ். சேர்ந்த சட்டம், குற்றத்துக்குத் தண்டனை கிடையாது, இனிமேல் அமைதி கெடாமல் இருக்க எழுதி வாங்குவது. ஒரு எஸ். விட்டுப்போனதற்கு எங்கள் வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை.

ஆறு வாரம் கழித்து ஓலை வந்தது. உட்கோட்ட நிர்வாக நடுவர், அதாவது நம் கோட்டாட்சியர், "அமைதியைக் குலைக்கக்கூடும் என்று தகவல் வந்திருப்பதால் உங்களிடம் ஏன் பிணைமுறி எழுதி வாங்கக் கூடாது" என்று காரணம் கேட்டிருந்தார். பிணைமுறி என்றால் சண்டை போட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிற பத்திரம். தொகை, காலம், எத்தனை ஜாமீன்தாரர் என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும், படித்துப் பாருங்கள். எனக்கு 10,000 ரூபாய், ஆறு மாதம், ரெண்டு ஜாமீன்தாரர். காலம் ஒரு வருஷத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். 10,000 ரூபாயைக் கட்டவும் வேண்டியதில்லை, எழுதிக் கொடுத்ததை மீறினால்தான் கேட்பார்கள். இது தெரியாமல் நான் தறிக்கு நூல் கொடுக்கிற நூல்காரரிடம் கடன் சொல்லி வைத்துவிட்டேன்.

முதல் வாய்தாவுக்குப் போனால் அய்யா முகாமுக்குப் போய்விட்டார் என்றார்கள். ஒரு நாள் தறி நின்றதுதான் மிச்சம். ரெண்டாவது வாய்தாவில் ரெண்டு தரப்பையும் ஒன்றாகக் கூப்பிட்டு, உத்தரவைப் படித்துக் காட்டி, "ஒத்துக்கறீங்களா, மறுக்கறீங்களா" என்று கேட்டார்கள். மறுத்தால் சாட்சி வைத்து விசாரிப்பார்கள், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், பொதுவாக ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். சும்மா இருந்த உங்கள் மேல் போட்டிருந்தால் மறுப்பதுதான் சரி, அலைச்சலுக்குப் பயந்து கையெழுத்துப் போடாதீர்கள், ஏனென்றால் எழுதிக் கொடுத்த பிறகு மீறினால் மிச்சக் காலம் முழுக்க உள்ளே வைக்கக்கூட அதிகாரம் இருக்கிறது. நான் ஒயரைப் பிடுங்கியவன், ஒத்துக்கொண்டேன்.

ஜாமீன்தாரர்களுக்கு என்னிடம் கேட்டது ஆதாரும் வீட்டு வரி ரசீதும். என் மச்சானும் நூல்காரரும் வந்திருந்தார்கள். தம்பி கூட்டிவந்த ரெண்டு பேரில் அவர் மாமா வரி ரசீதை எடுத்துவர மறந்துவிட்டார். ரெண்டு தரப்பும் சேர்ந்தால்தான் முடிப்போம், இல்லாவிட்டால் இன்னொரு தேதி என்றார் எழுத்தர். என் டூவீலர் சாவியை எடுத்து தம்பியிடம் நீட்டினேன். பாசத்தில் இல்லை, இன்னொரு நாள் தறியை நிறுத்த எனக்குக் கட்டாது. சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக "பெட்ரோல் இருக்காணா" என்று பேசினார்.

அவர் வருவதற்குள் எழுத்தரிடம் ஒரு யோசனை கேட்டேன். சத்தத்தை நிரந்தரமாக நிறுத்த அதே பி.என்.எஸ்.எஸ். 152-ல், பழைய 133-ல், தனியாக மனு கொடுக்கலாமா, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் சீக்கிரம் நடக்குமா என்று. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் சொன்னார்: "கொடுக்கலாங்க. ஆனா அதுல, பொதுமக்கள் உடம்புக்கும் சௌகரியத்துக்கும் கெடுதலா எந்தத் தொழில் நடந்தாலும் நிறுத்தச் சொல்லலாம்னு இருக்கு. அவரு ஒரு மணி நேரம் பாட்டுப் போடறாரு. நீங்க எத்தனை மணி நேரம் தறி ஓட்டறீங்க?" மனுவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வெளியே டீக்கடையில் ரெண்டு பேரும் பேசி முடித்தோம். தறி ஒன்பது மணிக்கு நிற்கும். பாக்ஸ் சோதனை காலையில் ஒன்பதுக்கு மேல். எழுத்தில் எதுவும் இல்லை, சாட்சி என் மச்சான்.

பத்திரம் முடிய இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. ராத்திரி வண்டி வருகிறது, பாக்ஸை இறக்கி மூடிப் போட்டுவிடுகிறார்கள், டம்ளர் சத்தம் இல்லை. போன சனிக்கிழமை நூல்காரர் அவசரம் என்று சொன்னதால் ஒன்பதரை ஆகியும் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தம்பி அவர் வீட்டு வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒன்றும் பேசவில்லை, போனை எடுத்து மணி பார்த்தார். போய் மோட்டாரை நிறுத்தினேன்.