அரங்கோடு ஒரு மணி நேரம்

கல்லூரி ஆண்கள் கொயர் (சேர்ந்து பாடும் குழு) ஒன்றுக்குப் பியானோ வாசிப்பதும், கொயர் மாஸ்டருக்கு உதவியாக இருப்பதும் என் வேலை. கல்லூரியில் இருக்கும்போது அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதே அறை, அதே பியானோ, அதே நாற்காலிகள். கச்சேரிச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டால் அது மொத்தமாகக் கலைந்துபோகும். ஒவ்வொரு மாலையும் வேறு மேடை, வேறு ஆட்கள். பாட்டு மட்டும் மாறாமல் கூடவே வருகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எங்களுக்கு முதலில் மாறுவதே பாட்டுதான்.

கல்லால் கட்டிய உயரமான தேவாலயத்தில் பாடி நிறுத்திய பிறகும் ஒலி நாலைந்து வினாடி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மெத்தை இருக்கையும் கனத்த திரைச்சீலையும் உள்ள நாடக அரங்கில் ஏறக்குறைய ஒரு வினாடியில் அடங்கிவிடும். தேவாலயத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்ந்து ஒலிக்கும் ஒரு ஸ்வரக்கூட்டின் மேல் அடுத்தது ஏறி எல்லாம் கலங்கிப்போகும். அங்கே தாழ்ந்த ஒலிகள்தான் அதிக நேரம் தங்கும் என்பதால் பேஸ் என்ற தாழ்ந்த குரலில் பாடும் பையன்கள் குரலின் கனத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நாடக அரங்கில் அப்படியே தலைகீழ். நீண்டு ஒலிக்கும் கார்வையைத் தாங்கிப் பிடிக்கச் சுவர் உதவாது. பக்கத்தில் இருப்பவன் பாடும்போது இவன் மூச்சு எடுக்க வேண்டும், இவன் பாடும்போது அவன் எடுக்க வேண்டும், கேட்பவர்களுக்கு இழை அறுந்தது தெரியக்கூடாது.

திரைச்சீலை அரங்குகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தன் குரல் தனக்குத் திரும்பிக் கேட்காததால் பாடுகிறவன் தானாகவே அழுத்திப் பாட ஆரம்பிப்பான். பக்கத்தில் இருப்பவன் அதைவிட அழுத்துவான். இரண்டு பாட்டுக்குள், உயர்ந்த குரலில் பாடும் டெனர் வரிசை முழுக்கத் தொண்டை இறுகி நிற்கும். அங்கே தொலைவது அந்த ஒரு மாலை மட்டுமல்ல, அடுத்த நாள் கச்சேரியும்தான்.

அதனால்தான் சுற்றுப்பயணத்தில் கச்சேரியைவிட அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். பேருந்தை விட்டு இறங்கி, உடை மாற்றுவதற்கு முன்னால், காலி அரங்கில் நின்று பாடிப் பார்க்கும் நேரம். எங்கள் கொயர் மாஸ்டர் அந்த நேரத்தில் முழுப் பாட்டும் பாட வைக்க மாட்டார். ஒரு பாட்டின் முதல் எட்டு வரி, இன்னொன்றின் கடைசிப் பக்கம், அவ்வளவுதான். அப்புறம் கையைக் கீழே போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கி, நடைபாதை வழியாக அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் நடந்துபோவார். முன்னால் யாரும் இல்லை. பாட்டு மட்டும் நிற்கக்கூடாது.

பயணத்தின் ஆரம்ப நாள்களில் இது தடுமாறும். அடிகளின் முடிவில் ஒருவன் முந்துவான், ஒருவன் இழுப்பான், நாலைந்து ‘ஸ்’ தனித்தனியாக உதிரும். எல்லோருடைய கண்ணும் காலியான அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நாலைந்து ஊர் தாண்டியதும் பார்வை மாறிவிடும். அடுத்தவன் தோள் எப்போது உயர்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்து மூச்சு எடுக்கத் தொடங்குவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்தது இல்லை. ஒரு வருடம் முழுக்க அதே அறையில் பயிற்சி செய்தும் வராதது, அறியாத கூடங்களில் தொடர்ந்து நிற்பதால் வருகிறது. பழகிய அறையில் கேட்காமலே பாடிவிட முடியும். புது இடத்தில் முடியாது.

ஆண்கள் மட்டும் பாடும் கொயருக்கு இந்தக் கவனம் மற்றவர்களைவிட அதிகம் தேவை என்பது என் எண்ணம். இரண்டு டெனர், இரண்டு பேஸ், ஆக நாலு பார்ட், அதாவது ஒரே நேரத்தில் பாடும் நாலு தனித்தனி வரிசை. அடி பேஸ் தொடும் தாழ்ந்த ‘ஈ’ (E) ஸ்வரம் வினாடிக்கு ஏறக்குறைய 82 அதிர்வு. முதல் டெனர் எட்டிப் பிடிக்கும் ‘ஏ’ (A) 440. நாலு பார்ட்டும் இந்த இரண்டரை ஸ்தாயிக்குள்ளேதான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலே பெண் குரல்கள் வந்து விரித்துக்கொடுக்கப் போவதில்லை. இந்த நெருக்கத்தில் ஒருவன் சுருதி கொஞ்சம் பிசகினாலும் உடனே உறுத்தும். சரியாகச் சேர்ந்துவிட்டாலோ, நன்றாகச் சேர்த்த தம்பூராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் கேட்பதைப் போல, யாரும் பாடாத ஒரு ஸ்வரம் மேலே தனியாக ஒலிக்கும். ஒவ்வொரு குரலுக்குள்ளும் மெல்ல ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவதால் வருவது அது. முதல் முறை கேட்கும் பையன் தலையைத் தூக்கி மேலே பார்ப்பான். “சார், யார் அதைப் பாடினது?” என்று ஒவ்வொரு வருடமும் ஒருவனாவது கேட்டுவிடுவான்.

அந்த ஒலி வர வேண்டுமென்றால் என் பியானோவை மறக்க வேண்டும். பியானோவின் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிடக் கொஞ்சம் உயரம். இரண்டு பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை நூறு பங்காக்கினால் அதில் ஏறக்குறைய 14 பங்கு. பியானோவோடு பாடும்போது பையன்கள் அதற்கு ஒத்துப்போவார்கள். பியானோ நின்றதும் காது தானாக அதைக் கீழே இறக்கிச் சரிசெய்துகொள்ளும். ஆகவே அரங்க ஒத்திகையில் ஆரம்ப சுருதியை மட்டும் கொடுத்துவிட்டு நான் கையை மடியில் வைத்துக்கொள்வேன். பியானோ வாசிக்கச் சம்பளம் வாங்குகிறவன் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்த நேரம்தான் என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது.

காதை நம்பக்கூடாத இடமும் ஒன்று உண்டு. எங்கள் நிரலில் அடிக்கடி இடம்பெறுவது ஃபிரான்ஸ் பீபல் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளர் 1964-ல் அமைத்த ‘ஆவே மரியா’. தீயணைப்பு வீரர்களின் கொயர் ஒன்றுக்காக எழுதியது. நாலு பார்ட் பாடும் பெரிய குழு ஒன்று, அதற்குப் பதில் சொல்வது போல மூன்று பார்ட் பாடும் சிறு குழு ஒன்று. இந்தச் சிறு குழுவை எங்கே நிறுத்துவது என்பதை ஒவ்வொரு அரங்கிலும் புதிதாக முடிவு செய்ய வேண்டும். மாடம் இருந்தால் பையன்களுக்கு அங்கே போக ஆசை. ஆனால் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மாடம் மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால், கீழே பாடுவது மேலே போய்ச் சேரும்போதே வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான தாமதம். அதைக் கேட்டுவிட்டு மேலே பாடினால், கீழே வரும்போது இரண்டு மடங்கு பிந்தும். எனவே மாடத்தில் நிற்பவர்கள் காதில் விழுவதை ஒதுக்கிவிட்டு மாஸ்டரின் கையை மட்டும் பார்த்துப் பாட வேண்டும். கேட்கக் கேட்கப் பழகிய பையன்களுக்கு இது உண்மையிலேயே கஷ்டம். நிதானமான ஆட்களைத்தான் மாடத்துக்கு அனுப்புவோம், நல்ல குரல் என்பது இரண்டாம்பட்சம்.

இந்தப் பாட்டு எங்களைப் போன்ற கொயர்களுக்கு வந்து சேர்ந்ததே ஒரு சுற்றுப்பயணத்தால்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆண்கள் கொயர் 1970-ல் ஜெர்மனி போனபோது, அங்கே வானொலியில் வேலை பார்த்த பீபல் அதை அவர்களிடம் கொடுத்தார். அவர்கள் ஊருக்குக் கொண்டுபோய்ப் பாடினார்கள், பிறகு கொயர் கொயராகப் பரவியது. அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1921-ல், ஹார்வர்ட் மாணவர் கொயர் ஆர்ச்சிபால்ட் டேவிசன் தலைமையில் ஐரோப்பா சுற்றியது. அப்போது இளைஞர்களாக இருந்த பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் பூலாங்க், மியோ இருவரும் அந்தக் கொயருக்காகப் புதிய படைப்புகள் எழுதினார்கள். மாணவர்கள்தானே என்று அவர்கள் இளக்காரமாக நினைக்கவில்லை. பயணம் கிளம்பும் முன் புதுப் பையன்களிடம் இந்த இரண்டு செய்தியையும் சொல்லிவிடுவேன். உல்லாசப் பயணம் என்ற எண்ணம் அப்போதே கொஞ்சம் குறையும்.

சரி, தொண்டை விஷயத்துக்கு வருகிறேன். இருபது வயதுப் பையனின் குரல் இன்னும் முதிர்ந்து முடியவில்லை. ஆழமான பேஸ் குரல் நிலைக்க இன்னும் பல வருடம் ஆகும். அந்தக் குரலைக் கெடுப்பது பெரும்பாலும் பாட்டு அல்ல, பேருந்துதான். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுவதும் சிரிப்பதும், கச்சேரிக்குப் பிறகு வரவேற்புக் கூடத்தின் இரைச்சலில் ஒவ்வொருவரிடமும் நின்று பேசுவதும் பாட்டைவிட மோசமாகத் தொண்டையைக் கட்டவைக்கும். தொண்டை கட்டியதும் பையன்கள் கிசுகிசுவென்று பேச ஆரம்பிப்பார்கள், அது ஓய்வு என்று நினைத்து. பலருக்கு அதுவும் குரல்வளைக்குச் சிரமம்தான். பேசாமல் இருப்பதே ஓய்வு. தண்ணீர் விஷயமும் அப்படித்தான். குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை, உடம்பு வழியாகத்தான் ஈரம் போய்ச் சேர வேண்டும். மேடைக்குப் பின்னால் நின்று ஒரு பாட்டிலைக் காலி செய்வதில் பெரிய பயன் இல்லை, காலையிலிருந்தே குடிக்க வேண்டும். இதையெல்லாம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது அவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் சொல்வேன்.

களைப்பு முதலில் சுருதியில்தான் தெரியும். பியானோ இல்லாத பாட்டு முடிந்ததும் மெதுவாக ஒரு கட்டையைத் தொட்டுப் பார்ப்பேன். கால் ஸ்வரம் இறங்கியிருந்தால் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். அரை ஸ்வரம் இறங்கியிருந்தால் மறுநாள் காலை ஒத்திகையை ரத்து செய்யும்படி மாஸ்டரிடம் கேட்பேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

ஒரு பயணத்தில் அரங்க நேரமே கிடைக்காமல் போனது. விளக்குகளைச் சரிசெய்ய மேடை வேண்டும் என்று அமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள்; எங்களுக்குக் கிடைத்தது பின்பக்க நடைக்கூடம். அன்று முதல் பாட்டு பரிதாபமாக இருந்தது. பார்ட் பார்ட்டாக நின்றிருந்த பையன்களுக்கு எதிர் ஓரத்தில் இருப்பவர்கள் காதிலேயே விழவில்லை. இரண்டாம் பாட்டுக்கு முன் கைதட்டல் நடந்துகொண்டிருக்கும்போதே பாரிடோன் (மேல் பேஸ்) பையன் ஒருவன் முன்னால் வந்து மாஸ்டரிடம் மெல்லக் கேட்டான்: “சார், கலந்து நிக்கட்டுமா?” அவர் தலையசைத்ததும் எல்லோரும் ஒரு டெனர், ஒரு பேஸ் என்று மாறி மாறி வந்து நின்றுகொண்டார்கள். பார்வையாளர்கள் அதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் பாட்டில் கொயர் தன் ஒலியைக் கண்டுபிடித்துவிட்டது. அந்தப் பையனை நினைத்து இன்றும் பெருமைப்படுகிறேன். ஆனால் முன்னதாக ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் முதல் பாட்டும் நன்றாக வந்திருக்கும், அதைக் கேட்க வந்தவர்களுக்கு அது சேர வேண்டியதுதானே.

இப்போது பயண அட்டவணை கைக்கு வந்ததும் தங்குமிடத்தையும் ஊர் சுற்றும் நேரத்தையும் அப்புறம்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு ஊருக்கும் எதிரே அரங்க ஒத்திகை என்று எழுதியிருக்கிறதா, பேருந்து தாமதமானாலும் அது மிஞ்சுமா என்று தேடுகிறேன். இல்லாத ஊரை வட்டமிட்டு அன்றைக்கே அமைப்பாளருக்கு எழுதிவிடுகிறேன்: ஒரு கச்சேரியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னாலும் சம்மதம், அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு வேண்டும்.