மைலேஜ் எங்கே போகிறது?

பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து பட்டறையில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இது: “அண்ணே, இன்ஜின் டீகார்பன் பண்ணுனா மைலேஜ் கூடுமா?” மாட்டுத்தாவணி பக்கம் டாக்ஸி ஓட்டுகிறவரும் கேட்கிறார், பேங்க் வேலைக்குப் போகிற அக்காவும் கேட்கிறார், உசிலம்பட்டியிலிருந்து பழைய வண்டியில் வருகிற பெரியவரும் கேட்கிறார். டீகார்பன் என்றால் இன்ஜினுக்குள் படிந்த கரியை எடுப்பது. எல்லாருக்கும் என் பதில் ஒன்றுதான். கோளாறினால் மைலேஜ் இறங்கியிருந்தால், அந்தக் கோளாறைச் சரிசெய்ததும் இறங்கியது திரும்ப வரும். கோளாறே இல்லாத இன்ஜினில் எதை ஊற்றினாலும், எந்த வாயுவை ஏற்றினாலும் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. “அந்தக் கடைல கூடும்னு சொன்னாங்களே” என்கிறார்கள். அவர்களுக்கு நின்றபடி சொல்லி முடிக்க முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ட்யூனிங் செய்தால் மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கை சும்மா வந்ததில்லை. கார்புரேட்டர் காலத்தின் கடைசியில் தொழில் பழகியவன் நான். அம்பாசடரும் பத்மினியும் பட்டறைக்கு வந்தால் முதல் வேலை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பிளக்குக்குப் பொறி போகும் நேரத்தை வைக்கும் பாயிண்ட்டைப் பார்ப்பது. ஓட ஓட பாயிண்ட் தேயும், இடைவெளி மாறும், அதோடு சேர்ந்து டைமிங்கும் நகரும். ஜெட்டில் தூசி அடைக்கும். சோக் முழுதாகத் திறக்காமல் நிற்கும். இத்தனையையும் கையால் சரிசெய்து கொடுத்தால் வண்டி அன்றைக்கே வேறு மாதிரி ஓடும், பெட்ரோலும் நிஜமாகவே மிஞ்சும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். “பிஸ்கட் கலர்ல இருக்கணும்டா. கருப்பா இருந்தா பெட்ரோலக் குடிக்குதுன்னு அர்த்தம். வெள்ளையா இருந்தா பட்டினி கெடக்குது.” அந்தக் காலத்து வண்டியில் பெட்ரோலுக்கும் காற்றுக்கும் அளவு வைத்தது மெக்கானிக்கின் ஸ்க்ரூ டிரைவர். அவன் கை பட்டால் மைலேஜ் கூடியது உண்மை.

இப்போது அந்த அளவைக் கம்ப்யூட்டர் வைக்கிறது. சைலன்ஸர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்து வரும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துச் சொல்கிறது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற கணக்கைப் பிடிக்க, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி கூட்டிக் குறைக்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால்கூட, காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலையும் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தது. புதிய வண்டிகளில் ஃபில்டரை அடைத்து ஓட்டியபோது பிக்கப் குறைந்தது, மைலேஜில் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை. அதற்காக ஃபில்டரை மாற்ற வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல்மண் தூசி உள்ளே போனால் இன்ஜின் தேயும். மைலேஜுக்காக என்று சொல்லி அதை விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

டீகார்பன் மெஷினுக்கு வருகிறேன். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, வரும் ஹைட்ரஜன், ஆக்சிஜன் கலவையைக் காற்று போகும் குழாய் வழியாக இன்ஜினுக்குள் விடுவார்கள். முக்கால் மணி நேரம் போல வண்டி ஐடிலில் ஓடும். சைலன்ஸர் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, கருப்பாக வந்ததைக் காட்டுவார்கள். அந்தக் கருப்பு எந்த வண்டியிலும் வரக்கூடிய கருப்புதான். செய்வதற்கு முன்பும் பின்பும் கேமராவை பிளக் ஓட்டை வழியாக விட்டு பிஸ்டன் தலையைப் பார்த்திருக்கிறேன். லேசாகப் படிந்திருந்த கரி லேசாகவே இருந்தது, தடித்துப்போனது தடிப்பாகவே இருந்தது. சாதாரண எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது சிலிண்டருக்கு வெளியே காற்றுக் குழாயிலேயே பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியில், பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போகிறது. நல்ல பங்கில் பெட்ரோல் போட்டு ஓட்டினால் அந்த வால்வு தன்னாலேயே ஓரளவு கழுவப்பட்டுக்கொண்டு இருக்கும். அங்கே சுத்தம் செய்ய பெரிதாக ஒன்றும் கிடையாது. மைலேஜைக் கூட்டுவதாக விற்கப்படும் கருவிகளையும் மருந்துகளையும் நூற்றுக்கு மேல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்திருக்கிறது. மிகச் சிலவற்றில் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது, மற்றவை எதுவும் செய்யவில்லை.

கரி உண்மையிலேயே வில்லனாக இருக்கும் இடங்களும் உண்டு. டீசல் வண்டியில், புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி அப்பிக் கிடக்கும். வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் கரும்புகை, பிக்கப் இல்லை, மைலேஜும் இறங்கும். அதைக் கழற்றி, சுரண்டி, கெமிக்கலில் ஊறவைத்துச் சுத்தம் செய்தால் வித்தியாசம் ஓட்டுகிறவருக்கே தெரியும். பிஎஸ்6 டீசலில் இன்னொரு சங்கதி. புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர், நிறைந்ததும் கூடுதல் டீசலை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த வண்டியை சிம்மக்கல்லுக்கும் தெற்குவாசலுக்கும் நடுவிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த வேலை முடியாமல் பாதியில் நின்று, திரும்பத் திரும்ப ஆரம்பிக்கும். அதற்கு ஊற்ற வேண்டியது எதுவும் இல்லை. அவ்வப்போது நான்குவழிச் சாலையில் விருதுநகர் வரை ஒரே ஓட்டமாகப் போய்வந்தால் போதும்.

மேலூர்ப் பக்கத்து டாக்ஸிக்காரர் ஒருவருடைய வண்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 மாடல் பெட்ரோல் செடான். லிட்டருக்கு 17 கொடுத்தது 14க்குக் கீழே இறங்கிவிட்டது என்று வந்தார். என்னிடம் வருவதற்கு முன்பே டீகார்பன், இன்ஜெக்டர் கிளீனிங், புது பிளக் என்று எல்லாம் செய்துவிட்டார். பில்களைக் கத்தையாக எடுத்து நீட்டினார். “தம்பி, ஒரு மாசத்து ட்யூவ இதுல போட்டுட்டேன். இன்னும் அப்படியேதான் ஓடுது.”

ஸ்கேனரை மாட்டினேன். எரர் கோடு எதுவும் இல்லை. பிளக் நன்றாக இருந்தது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவான ஃபியூயல் ட்ரிம் பெரிதாக விலகவில்லை. ரிங் ரோட்டில் விரகனூர் வரை ஓட்டிக்கொண்டே லைவ் டேட்டாவைப் பார்த்தோம். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில், வண்டியின் கூலன்ட் சூடோ 65 டிகிரியைத் தாண்ட மறுத்தது. எண்பதுக்கு மேல் நிற்க வேண்டிய இன்ஜின். “ஸ்டார்ட் பண்ணுனா, இன்ஜின் குளிரா இருக்குன்னு காட்டுற நீல லைட்டு அணைய ரொம்ப நேரம் ஆகுதாண்ணே?” என்றேன். “ஆமாப்பா, அது ஒரு வருசமா அப்படித்தான்” என்றார். திரும்பி வந்து ஹவுஸிங்கைக் கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. ஏதோ ஒரு பட்டறையில், மதுரை வெயிலுக்கு இது எதற்கு என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். அம்பாசடர் காலத்துப் பழக்கம் அது, இன்னும் போகவில்லை. இன்ஜின் சூடேறாமல் இருந்தால், இன்னும் குளிரில்தான் ஓடுகிறோம் என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும். ஆயிலும் சரியாக இளகாது. வருசம் முழுக்க அந்த மனிதர் காலை நேரத்துக் குளிர் இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் மாற்றினோம். டீகார்பனுக்குக் கொடுத்த காசில் பாதிகூட ஆகவில்லை. அடுத்த சில டேங்குகளில் மைலேஜ் 16ஐத் தொட்டது.

மீதி ஒரு கிலோமீட்டர் எங்கே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அது இன்ஜினில் இல்லை, பங்கில் இருக்கிறது. இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே கணக்கு இருக்கிறது: எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்கு ஏற்ப அளவு வைத்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும். 20 சதவீதத்துக்கு ஏற்ப அளவு வைத்த புது வண்டிகளில் 1 முதல் 2 சதவீதம். பதினேழில் ஆறு சதவீதம் என்றால் ஒரு கிலோமீட்டர். அதை எந்த மெக்கானிக்காலும் திரும்பக் கொடுக்க முடியாது. இதைச் சொல்லாமல், “இன்ஜின்ல கரி சார்” என்று பில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. மீட்டர் வட்டிக்கு வாங்கி வண்டி ஓட்டுகிறவர்கள் இவர்கள்.

மற்ற காரணங்கள் எளிமையானவை. டயரில் காற்று குறைவது, பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடுவது. பிரேக் சந்தேகம் இருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நாலு வீல் பக்கத்திலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பிரேக்கை விலகவிடும் காலிபர் பின் காய்ந்து கிடக்கிறது. ஆக்சிஜன் சென்சார் செத்திருந்தால் இழப்பு மிகப் பெரிது. அதை மாற்றினால் 40 சதவீதம் வரைகூட மைலேஜ் தேறலாம் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் தகவல். பொதுவாக ட்யூனிங் தப்பிய வண்டியைச் சரிசெய்தால் கிடைப்பது சராசரி 4 சதவீதம்தான் என்பதும் அதே தகவல்தான்.

அப்படியானால் கிளீனிங் போட்டவர்கள் பலர் கூடியது என்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. கிளீனிங் பேக்கேஜில் பிளக்கும் மாறும், டயருக்குக் காற்றும் பிடிக்கப்படும், எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. காசு கொடுத்துவிட்டு வந்தவர் ஒரு வாரம் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதிப்பார். அதற்கு முன்னால் பார்த்த மைலேஜ் கோரிப்பாளையம் நெரிசலில், பின்னால் பார்த்தது திண்டுக்கல் போய்வந்ததில். ஏசி, ரோடு, ஆள் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்து செய்கிற வித்தியாசத்தில் கிளீனிங்கின் வித்தியாசம் இருந்தாலும் தெரியாது. அதனால் நான் கேட்டுக்கொள்வது: ஒரே பங்கில் ஆட்டோ கட் வரை, அதாவது பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை எழுதி, மறுபடி அதே பங்கில் ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். இப்படிச் சில டேங்க் கணக்கைக் கொண்டுவாருங்கள். டிஸ்ப்ளேயில் காட்டும் சராசரியை மட்டும் நம்பி வராதீர்கள்.

இந்தக் கணக்கோடு ஒருவர் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கோளாறைத் தேடுவதற்குத்தான் இந்தத் தொழிலில் மூளை வேண்டும், ஆனால் தேடியதற்கு யாரும் பில் போடுவதில்லை. ஊற்றியதற்குத்தான் போடுகிறார்கள். டார்கெட் வைத்து கிளீனிங் விற்கச் சொல்லும் இடங்களில் வேலை பார்க்கிற பையன்கள் என்னிடம் வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் பட்டறையில் ஸ்கேன் செய்து ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதற்குத் தனியாக ஒரு தொகை வாங்குகிறேன். கோளாறு எதுவும் இல்லை என்றால் அதையும் ஜாப் கார்டில் எழுதியே கொடுக்கிறேன்.

இப்போது டர்போ பெட்ரோல் வண்டிகள் அதிகம் வர ஆரம்பித்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது, வால்வின் முதுகைக் கழுவ எதுவும் கிடையாது. அங்கே கரி படியத்தான் செய்யும், இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டிய நாளும் வரும். அதற்கான சாமான்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கேமராவில் வால்வைப் பார்த்து, படம் எடுத்து, வண்டிக்காரர் கையில் கொடுத்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பது என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.