60 கிலோ என்று எழுதிவிடும் முன்

இரவு நேரத்தில் மூச்சிரைப்போடும் குளிர்ந்த கைகால்களோடும் ஒருவர் வந்துசேரும்போது, பெட் ஹெட் டிக்கெட்டில் (நோயாளரின் கட்டிலோர மருத்துவப் பதிவேட்டில்) நிறை எழுதும் இடம் பெரும்பாலும் கண்மதிப்பில்தான் நிரம்புகிறது. ஆண் என்றால் 60, பெண் என்றால் 50. பிறகு சேலைன், அன்டிபயோடிக், வென்டிலேட்டர், உணவு எல்லாம் அந்த ஓர் எண்ணின் மீதே ஏறி உட்கார்ந்துவிடும். கடுமையான கிருமித்தொற்றில் உடல் நிறைக்கும் உயிர் தப்புவதற்கும் உள்ள உறவைப் பேச வேண்டுமானால், அந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

செப்சிஸ் என்பது தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலை. 2016இல் வந்த வரையறை இதுதான். இந்த நோயாளரை நிறைவாரியாகப் பிரித்துப் பார்த்த பல ஆய்வுகளில் ஒரு போக்கு திரும்பத் திரும்ப வருகிறது: மெலிந்தவர்களே அதிகம் இறக்கிறார்கள், ஓரளவு தடித்தவர்கள் சாதாரண நிறையுள்ளவர்களைவிட அதிகம் தப்பிப் பிழைக்கிறார்கள். சீனி வருத்தம், பிரஷர், இதய நோய் என்று தடித்த உடம்புக்கு வருபவற்றையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏற்கக் கடினமான செய்தி.

இதில் தடித்தவர்களைப் பற்றிய பாதியை நான் பாதிதான் நம்புகிறேன். மெலிந்தவர்களைப் பற்றிய பாதியை முழுதாக நம்புகிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பதிவேட்டில் இருந்த எண்ணை எடுத்துக் கணக்குப் பார்த்தவை. அந்த எண் எப்போது எடுக்கப்பட்டது? 170 சென்ரிமீற்றர் உயரமும் 70 கிலோ நிறையும் உள்ள ஒருவரின் பி.எம்.ஐ., அதாவது கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், 24.2. முதல் நாளில் ஐந்து லீற்றர் நீர் உடம்பில் தேங்கினால் தராசு 75 காட்டும்; பி.எம்.ஐ. 26 ஆகிவிடும். ஒரு கிராம் கொழுப்பும் கூடாமலே அவர் 'தடித்தவர்' பட்டியலுக்குப் போய்விட்டார். மறுபக்கம், 'சாதாரண நிறை' பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்கு முன் 80 கிலோவாக இருந்து, புற்றுநோயாலோ காசநோயாலோ சிறுநீரக வருத்தத்தாலோ 62க்கு இறங்கியவர்கள்? நோய் நிறையைக் குறைத்ததை, குறைந்த நிறைதான் கொன்றது என்று வாசித்துவிடும் ஆபத்து இங்கே உண்டு. தடித்தவர்களைச் சற்றுக் குறைந்த தீவிரத்திலேயே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எடுத்துவிடுவதும் நடக்கிறது. விடுதியில் வைத்துத் திருப்புவதும் தூக்குவதும் கடினம் என்பதே போதுமான காரணமாகிவிடும்.

உடலியல் பக்கமும் வெறுமை அல்ல. கொழுப்பு ஒரு சேமிப்பு. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் நோயெதிர்ப்புக் கலங்களைத் தூண்டும். இரத்தத்திலுள்ள கொழுப்புப்புரதங்கள் கிருமியின் நச்சுப்பொருளைப் பற்றிக்கொள்ளும். ஆனால் 2009இன் எச்1என்1 காய்ச்சலிலும் கோவிட்டிலும் உடற்பருமன் ஆபத்தையே கூட்டியது. ஆகவே பருமன் காக்கும் என்று எந்த நோயாளருக்கும் சொல்ல முடியாது. நம் மக்களுக்கு இன்னொன்றும் உண்டு: அதே பி.எம்.ஐ.யில் ஐரோப்பியரைவிட எங்களிடம் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதனால்தான் ஆசியருக்கு 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கை எல்லைகளாக உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் முன்வைத்தது. ஓரளவு தடித்தவர் என்று வெளிநாட்டு ஆய்வு சொல்லும் '25 முதல் 30 வரை' என்பதை அப்படியே வெள்ளவத்தைக்குத் தூக்கிவர முடியாது.

டெங்கு விடுதியில் வேலை பழகியவர்களுக்கு இந்த விடயம் வேறு வழியில் தெரிந்தே இருக்கிறது. இலங்கையின் டெங்கு வழிகாட்டியில், வளர்ந்தவருக்கு நீர்க்கணக்குப் போட எடுக்கும் நிறை 50 கிலோவைத் தாண்டாது. 90 கிலோ ஆளுக்கும் 50தான். ஒருநாள் பராமரிப்பு நீர் 2100 மில்லிலீற்றர், அதோடு அந்த 50 கிலோவின் 5 வீதத்துக்கு 2500. மொத்தம் 4600 மில்லிலீற்றர், இரத்தக்குழாய் கசியும் 48 மணித்தியாலத்துக்கு. கொழுப்பில் இரத்தமும் நீரும் குறைவு. கொழுப்பின் கிலோவுக்கும் சேர்த்து நீர் கொடுத்தால் அது நெஞ்சறையில்தான் போய்த் தேங்கும். பக்றீரியா செப்சிஸ் வேறு நோய், அதற்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது. ஆனால் எந்த நிறைக்குக் கணக்குப் போடுகிறோம் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

152 சென்ரிமீற்றர் உயரம், 85 கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. ஏறத்தாழ 37. குருதி அமுக்கம் விழுந்திருக்கிறது. முதல் மூன்று மணித்தியாலத்தில் கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் என்ற சர்வதேச ஆலோசனைப்படி 85க்குப் போட்டால் 2550 மில்லிலீற்றர். உயரத்துக்குரிய நிறை 45 கிலோ. அதற்குப் போட்டால் 1350. நடைமுறையில் 500 மில்லிலீற்றராகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் நாடி, விரல்நுனிக்கு இரத்தம் திரும்பும் நேரம், நெஞ்சின் அடிப்பகுதிச் சத்தம், சிறுநீர் ஆகியவற்றைப் பார்ப்பதே பாதுகாப்பானது. போதாவிட்டால், அமுக்கத்தை ஏற்றும் மருந்தான நொரட்ரினலினைப் பிந்த விடக்கூடாது.

வென்டிலேட்டரில் தடுமாற்றத்துக்கே இடமில்லை. நுரையீரல் உயரத்தோடு வளர்கிறது, வயிற்றோடு வளர்வதில்லை. பெண்ணுக்கு 45.5 கிலோவும், ஆணுக்கு 50 கிலோவும் அடிப்படை, 152.4 சென்ரிமீற்றருக்கு மேலுள்ள ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 0.91 கூட்ட வேண்டும். இந்தப் பெண்ணுக்குக் கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் என்றால் ஒரு மூச்சு 270 மில்லிலீற்றர். தராசு நிறைக்குப் போட்டால் 510. அது நுரையீரலைக் கிழிக்கும் அளவு. நுரையீரல் திடீரெனக் கடுமையாகப் பழுதானவர்களை வைத்து 2000இல் வெளியான பெரிய ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லிலீற்றரிலிருந்து 6க்கு இறக்கியதில் இறப்பு 39.8 வீதத்திலிருந்து 31 வீதத்துக்கு வந்தது. இவ்வளவு பலன் தரும் மருந்துகள் செப்சிஸில் அரிது, இதற்கோ ஓர் அளவு நாடா போதும்.

அன்டிபயோடிக் மருந்தில் கணக்கு மறுபடி மாறும். ஜென்டமைசின் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் தராசு நிறைக்கு 425, உயரத்துக்குரிய நிறைக்கு 225. முன்னது சிறுநீரகத்தையும் செவியையும் கெடுக்கலாம், பின்னது கிருமியைக் கொல்லாமல் விடலாம். இரண்டு நிறைகளின் வித்தியாசத்தில் 40 வீதத்தை உயரத்துக்குரிய நிறையோடு கூட்டினால் 61 கிலோ, ஏறத்தாழ 300 மில்லிகிராம். வன்கோமைசினின் முதல் டோஸோ முழுத் தராசு நிறைக்கே போடப்படும். சிறுநீரகம் பழுதானாலும் முதல் டோஸைக் குறைப்பதில்லை. இடைவெளிகளைத்தான் பிறகு நீட்ட வேண்டும்.

இப்போது அடுத்த கட்டில். 68 வயது ஆண், 170 சென்ரிமீற்றர், 44 கிலோ. இவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் இவருடைய அறிக்கைகள் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் காட்டும். காய்ச்சல் இல்லை, உடல் சூடு 35.8 ஆக இருக்கும். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 0.8. 'சிறுநீரகம் சரி' என்று எழுதிவிடலாம். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது, இவரிடம் தசை இல்லை. வயதையும் நிறையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 55 மில்லிலீற்றர்தான். போன மாதம் 0.4 இருந்திருந்தால், இன்றைய 0.8 என்பது இரட்டிப்பு; சிறுநீரகம் ஏற்கனவே அடிவாங்கியாயிற்று. உறுப்புச் செயலிழப்பைப் புள்ளிபோடும் முறையில் கிரியேட்டினினுக்கு 1.2இலிருந்துதான் புள்ளி. இவர் பூச்சியத்தோடு படுத்திருப்பார்.

மூச்சுத்தசை மெலிந்திருப்பதால் இருமிச் சளி எடுக்க முடியாது; வென்டிலேட்டரிலிருந்து கழற்றவும் நாளெடுக்கும். 2013இல் லண்டனில் தொடைத்தசையை அளந்து பார்த்த ஓர் ஆய்வில், கடும் நோயின் முதல் 10 நாளில் அதன் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 18 வீதம் கரைந்தது. இருப்பில் உள்ளவருக்கு அது இழப்பு. 44 கிலோக்காரருக்கு எடுப்பதற்கு என்ன மிச்சம்?

அதனாலேயே, சேர்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை கிலோ' என்பதல்ல, 'மெலிந்தாரா' என்பது. கிலோவில் பதில் வராது. கூட வந்த மகளிடம், "அக்கா, ஐயாட சாரம் இப்ப இடுப்பில நிக்குதா? போன தீபாவளிச் சட்டை இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டால் வரும். மோதிரம் கழன்று விழுகிறதா, பல்செட் ஆடுகிறதா என்பவையும் நல்ல சாட்சிகள். சீனி, பிரஷர் கிளினிக் கொப்பி இருந்தால் பழைய நிறைகள் அதிலேயே இருக்கும். யாரும் கேட்காததால் அது பையிலேயே கிடக்கும். மொழியும் இங்கே குறுக்கே நிற்கிறது. சிங்களத்தில் மெலிந்தவரைக் 'கெட்டு' என்பார்கள். அந்தச் சொல்லைத் தமிழ்க் காது வேறு விதமாகக் கேட்கும். தமிழ் தெரிந்த தாதியோ உதவியாளரோ இரண்டு நிமிடம் நின்று கேட்டால் இந்தத் தகவல் தப்பாது.

தராசுக்கட்டில் இருந்தால், மெத்தை, தலையணையோடு வெறுங்கட்டிலைப் பூச்சியமாக்கிய பிறகே ஆளை ஏற்ற வேண்டும். சிறுநீர்ப்பையையும் பம்புகளையும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணை வாசிக்க வேண்டும். தராசு இல்லாவிட்டால் மேற்கையின் நடுச்சுற்றளவு உதவும்: 23.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் பி.எம்.ஐ. 20க்குக் கீழே, 32க்கு மேல் போனால் 30ஐத் தாண்டியிருக்கும் என்று கொள்ளலாம். உயரத்துக்கு முழங்கை நுனியிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளந்து அட்டவணையில் பார்க்கலாம். கண்மதிப்பு என்றால் 'மதிப்பீடு' என்று பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறைக்காரர் அதை அளந்த எண் என்று நம்பிவிடுவார்.

மெலிந்தவரைக் கண்டதும் வீட்டுக்காரர் செய்வது ஊட்டுவது. அன்பு புரிகிறது. ஆனால் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாத உடம்புக்குத் திடீரென்று மாச்சத்துப் போனால், இன்சுலின் ஏறி, பொஸ்பேற்றும் பொற்றாசியமும் மக்னீசியமும் கலங்களுக்குள் இழுபட்டு, இதயம் தடுமாறும். ஆகவே குளுக்கோஸ் சேலைனுக்கும் உணவுக்கும் முன் தயமின் (விற்றமின் பி1) ஊசி. தொடக்கம் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கலோரி, மிகவும் வற்றியவருக்கு 5. முதல் மூன்று நாள் 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்த உப்புகளைப் பார்க்க வேண்டும். பொஸ்பேற் 0.65க்குக் கீழே போனால் அதை ஈடுசெய்தபடி இரண்டு நாள் உணவைக் கட்டுப்படுத்திவிட்டு மெல்லக் கூட்டலாம். சிறுநீர் குறைந்தவருக்குச் செவ்விளநீர் வேண்டாம் என்பதையும் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். அதில் பொற்றாசியம் அதிகம்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று இன்னொரு முறை நிறுக்க வேண்டும். வீக்கம் வடிந்த பிறகு வரும் அந்த எண் வந்த நாளின் எண்ணைவிடப் பல கிலோ குறைந்திருக்கும். அதைக் கிளினிக் கொப்பியில், திகதியோடு, வீட்டார் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதிக் கொடுங்கள். அடுத்த காய்ச்சலோடு அவர் எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் அந்தப் பக்கம் கூடவே போகும்.