"தரையை மட்டும் மாற்றிக் காட்டுங்களேன்"

சுவரை நகர்த்தச் சொல்லும் வாடிக்கையாளர்கள் குறைவு. கணினியில் வீட்டின் 3டி படம் தயாராகி, எல்லோரும் தலையாட்டிய பிறகு, "எல்லாம் நல்லா இருக்கு, தரையை மட்டும் கொஞ்சம் டார்க்கா மாத்திக் காட்டுங்களேன்" என்பவர்களே அதிகம். கேட்பவருக்கு அது ஒரு கிளிக். படத்தைச் செய்யும் எங்களுக்கும் அது ஒரு கிளிக்காக இருக்கலாம், ஒரு மாலை முழுக்கப் போகவும் செய்யலாம். கணினி மாடலைத் தொடங்கியவர், பரப்புகளில் பூசும் நிறம், டைல், மரம் போன்ற மெட்டீரியல்களுக்கு எப்படிப் பெயர் வைத்தார் என்பதைப் பொறுத்தது.

3டி மாடல் செய்யும் மென்பொருளான ஸ்கெட்ச்அப்பில், பூசும் கருவியான பெயின்ட் பக்கெட்டை எடுத்து, ஷிஃப்டை அழுத்தியபடி ஒரு பரப்பைக் கிளிக் செய்தால், அதே மெட்டீரியல் பூசிய மற்ற பரப்புகளும் சேர்ந்து மாறும். புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்தக் கீயைச் சொல்லிக்கொடுத்தால் முகமே மலர்ந்துவிடும். ஆனால் பெரும்பாலான மாடல்களில் ஒரே வெள்ளைதான் சுவரிலும் சீலிங்கிலும் ஜன்னல் ஃப்ரேமிலும் இருக்கும். ஒரே தேக்குதான் வாசல் கதவிலும் சாப்பாட்டு மேசையிலும் இருக்கும். சுவரை மாற்றப் போனால் சீலிங்கும் கூடவே வரும்.

அதனால் நான் தோற்றத்தை வைத்துப் பெயர் வைப்பதில்லை, இடத்தை வைத்து வைக்கிறேன்: 'தரை-ஹால்', 'தரை-படுக்கையறை', 'சுவர்-வெளி'. இன்றைக்கு ஹாலுக்கும் படுக்கையறைக்கும் ஒரே டைல்தானே, எதற்கு இரண்டு என்று கேட்பார்கள். நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றச் சொல்ல வாய்ப்பிருந்தால் இரண்டும் வேறு வேறுதான். பட்டியல் நீளும். நீளட்டும்.

இப்படிப் பெயர் வைத்துவிட்டால் மறுபடி பூச வேண்டியதே இல்லை. அந்த மெட்டீரியலை எடிட் செய்து படத்தை மட்டும் மாற்றினால் போதும், அது இருக்கும் இடமெல்லாம் மாறிவிடும். அதற்குப் பிறகு அளவைப் பார்க்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். 600-க்கு 600 மில்லிமீட்டர் டைல்கள் நான்கு சதுரமாகச் சேர்ந்த படம் என்றால், டெக்ஸ்சரின், அதாவது பரப்பில் திரும்பத் திரும்ப வரும் அந்தப் படத்தின், அகலமும் உயரமும் 1200. அந்த இடத்தில் 600-க்கு 1200 டைல் ஒன்றே ஒன்று இருக்கும் படத்தைப் போட்டால், அகலமும் உயரமும் அதற்கேற்ப மாற வேண்டும். நிறம் சரியாக இருந்து அளவு தவறினால் அறையே சிறுத்துத் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, "என்னமோ சரியில்லை" என்று மட்டும் சொல்வார்.

"சார், பூசிக்கிட்டே இருக்கேன், மாறவே மாட்டேங்குது" என்று ஜூனியர்கள் அழைக்கும் இடம் இன்னொன்று உண்டு. பல பரப்புகளை ஒரே பொருளாகச் சேர்த்த க்ரூப்பையோ, அதுபோலச் சேர்த்துப் பல இடங்களில் நகலாக வைக்கும் காம்போனன்ட்டையோ வெளியிலிருந்து பூசினால், உள்ளே எதுவும் பூசாமல் டிஃபால்ட்டாக விட்ட பரப்புகள் மட்டுமே அந்த நிறத்தை ஏற்கும். உள்ளே யாராவது ஏற்கெனவே பூசியிருந்தால் வெளிப்பூச்சு எடுபடாது. குறை போலத் தெரியும் இதை வேண்டுமென்றே பயன்படுத்தலாம். கதவில் கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் மட்டும் உள்ளே பூசிவிட்டு, பலகையை டிஃபால்ட்டாக விட்டுவிடுவேன். ஒரே காம்போனன்ட் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறத்தில் நிற்கும். மர ரேகை உள்ள லாமினேட்டுக்கு மட்டும் இது உதவாது. வெளியிலிருந்து வந்த டெக்ஸ்சரைத் திருப்பவோ நகர்த்தவோ முடியாது என்பதால், ரேகை நிமிர்ந்து ஓட வேண்டுமென்றால் பரப்பிலேயே பூசித்தான் ஆக வேண்டும்.

கட்டிட வடிவமைப்புக்கான இன்னொரு மென்பொருளான ரெவிட்டில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே மெட்டீரியல் ஒன்று, அதன் தோற்றத்தைச் சொல்லும் அப்பியரன்ஸ் அசெட் இன்னொன்று. ஒரே அசெட்டைப் பல மெட்டீரியல்கள் பகிர்ந்துகொள்ளலாம். பகிர்ந்த நிலையிலேயே நகலெடுத்து நகலின் நிறத்தை மாற்றினால், ரெண்டரில், அதாவது நிஜம்போல உருவாக்கும் இறுதிப் படத்தில், மூலமும் சேர்ந்து மாறும். அசெட்டையும் தனியாக நகலெடுத்த பிறகே கைவைக்க வேண்டும். பெயின்ட் கருவியில் இன்னும் கவனம் தேவை. அது பரப்பின் மேல் மட்டும் பூசும். சுவர் வகையின் அடுக்குகளில் பழைய மெட்டீரியல் அப்படியே இருக்கும். வாடிக்கையாளர் புதிய கல்லைப் பார்த்துச் சம்மதிப்பார், அளவுப் பட்டியலில் பழைய கல்லும் அப்படியே நிற்கும். கூட்டத்தில் காட்டுவதற்குப் பெயின்ட் போதும். முடிவானதும் சுவர் வகைக்குள் போய் அடுக்கை மாற்ற வேண்டும். எந்தப் பொருள் எவ்வளவு என்று காட்டும் மெட்டீரியல் டேக்ஆஃப் அட்டவணையில், எது பெயின்ட்டாக வந்தது என்று காட்டும் நெடுவரிசை ஒன்று உண்டு. அதைச் சேர்த்து வைத்தால் மாற்ற மறந்தவை தானாக வெளியே வரும்.

வெளியிலிருந்து இறக்கும் சோபாவும் செடியும் தங்களோடு ஒரு கூட்டம் மெட்டீரியலைக் கூட்டிக்கொண்டு வரும். ஒரு தொட்டிச் செடியின் இலைப் படத்தால் மட்டுமே கோப்பு பருத்துப்போவதுண்டு. ஸ்கெட்ச்அப்பில் பர்ஜ் அன்யூஸ்ட் கொடுத்தால் எங்கும் பூசாதவை போய்விடும், ஆனால் காட்டுவதற்காகத் தயாராக வைத்திருந்த மாற்றுத் தேர்வுகளும் கூடவே போய்விடும். அதற்காகக் கட்டிடத்துக்கு அப்பால் சின்னச் சின்னச் சதுரங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேர்வைப் பூசி, சேர்த்துக் காட்டவும் மறைக்கவும் உதவும் தனி டேகில் போட்டு மறைத்து வைக்கிறேன். எங்கோ பூசியிருப்பதால் பர்ஜ் அவற்றைத் தொடாது. முடிவான பிறகும் அந்தச் சதுரங்களை உடனே அழிப்பதில்லை. வீட்டில் கலந்து பேசிவிட்டு வந்து, "அந்த முதல்ல காட்டுனதே இருக்கட்டும்" என்பார்கள்.