மாத்திரை சாப்பிடுகிறவர் தியானத்துக்குப் போகும்போது

பெங்களூரில் தியான வகுப்பில் இடம் கிடைப்பது கஷ்டமே இல்லை. அல்சூர், ராமமூர்த்தி நகர், ஸ்ரீராமபுரம் என்று தமிழர்கள் இருக்கும் பக்கமெல்லாம் ஏதோ ஒரு மாடியில் ஒரு வகுப்பு நடக்கிறது. மனநல சிகிச்சையில் இருப்பவரை அங்கே அனுப்பலாமா என்பதை முடிவு செய்வதுதான் பாடு. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு வருடக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும் குடும்பத்தார் சிலர் சேர்ந்து, இதை எந்த வரிசையில் செய்தால் ஆபத்து குறைகிறது என்று எழுதியிருக்கிறோம்.

"தியானம் நல்லதா கெட்டதா" என்று டாக்டரிடம் கேட்காதீர்கள். வெளிநோயாளிப் பிரிவின் (ஓ.பி.டி.) கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "நல்லதுதான், பண்ணட்டும்" என்று பதில் வரும். ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொண்டு போங்கள்: தினமும் எத்தனை நிமிடம், மூச்சைக் கவனிப்பதா, மந்திரமா, வேக மூச்சா, வீட்டிலா அல்லது தங்கிச் செய்வதா, தூங்கும் நேரமும் சாப்பிடும் நேரமும் மாறுமா. "மூன்று நிமிடம், கண் திறந்து, வீட்டில்" என்றால் பெரும்பாலும் உடனே சரி என்பார். "பத்து நாள், மௌனம், காலை நாலு மணிக்கு எழணும்" என்று கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். கன்னடமோ ஆங்கிலமோ தடுமாறினால், தமிழ் தெரிந்த டாக்டர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து அத்தனை பேர் வருவதால் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள்.

கடைசி மூன்று மாதத்துக்குள் மாத்திரை மாறியிருந்தாலோ அளவு கூடியிருந்தாலோ, புதிதாக எதையும் ஆரம்பிப்பதில்லை என்பது நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு. அதற்குள் ஆரம்பித்துவிட்டு ஏதாவது கோளாறு வந்தால், காரணம் மாத்திரையா தியானமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எல்லா நோய்க்கும் ஒரே பதில் கிடையாது. திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வுக்குத்தான் ஆதாரம் அதிகம். அதற்கென்றே செகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் வடிவமைத்தது எம்.பி.சி.டி. என்ற, தியானமும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்த வகுப்பு: எட்டு வாரம், வாரம் ஒரு வகுப்பு, மற்ற நாள் வீட்டில் பயிற்சி. 2000-ஆம் ஆண்டு வந்த அவர்களுடைய ஆய்வில், மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. இந்த வகுப்புக்கும் போனவர்களில் சுமார் 40 சதவீதம். இரண்டு தடவை மட்டுமே வந்தவர்களுக்கு அப்படிப் பலன் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதில் சேர்த்ததெல்லாம் நோய் தணிந்து நன்றாக இருந்தவர்களை. படுக்கையை விட்டு எழ முடியாத நாட்களில் ஒருவரைச் சுவர் பார்த்து உட்கார வைத்தால், ஏற்கனவே சுழன்றுகொண்டிருக்கும் எண்ணத்துக்கு இன்னும் அரைமணி நேரம் இடம் கொடுத்த மாதிரி ஆகும். அப்போது நடக்க விடுங்கள்.

மாத்திரையை விடுவதற்கு இது வழியா என்று எல்லா வீட்டிலும் ஒரு பெரியப்பா கேட்பார். 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 424 பேர். எம்.பி.சி.டி. செய்து மாத்திரையைக் குறைத்தவர்களில் இரண்டு வருடத்தில் 44 சதவீதம் பேருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு திரும்பியது. ஏறக்குறைய சமம். ஆனால் அங்கே டாக்டர் கூட இருந்து படிப்படியாகக் குறைத்தார்கள். நம் ஊரில் வகுப்பு முடிந்த மறுநாளே பட்டையோடு குப்பையில் போடுகிறார்கள். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். பதற்றத்துக்குத் தரும் குளோனசெபாமைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இதைத் "தியானத்தில் அழுக்கு வெளியேறுகிறது" என்று விளக்கம் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மனச்சிதைவும் (ஸ்கிசோஃப்ரீனியா) பைபோலாரும் (மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) வேறு கதை. தீவிரத் தியானத்துக்குப் பின் நோய் மறுபடி கிளம்பிய மூன்று பேரைப் பற்றி வால்ஷ், ரோஷ் இருவரும் 1979-லேயே எழுதியிருக்கிறார்கள். மூவருக்கும் முன்பே மனச்சிதைவு இருந்தது. தூக்கக் குறைவு, பட்டினி, மாத்திரை நிறுத்தம் ஆகியவை தியானத்தோடு சேர்ந்துகொண்டன. இன்றும் நாங்கள் பார்க்கும் கூட்டணி இதேதான். மனச்சிதைவுக்கு யோகா பலன் தருவதாக நிம்ஹான்ஸ் குழு 2007-இல் காட்டியது. மாத்திரையோடு கூடுதலாக நான்கு மாதம் செய்தவர்களுக்கு ஒதுங்கியிருத்தல், பேச்சுக் குறைதல் போன்றவை தேறின. யோகா என்றதும் கண்ணை மூடி உட்காருவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசனத்தில் உடம்பு அசைகிறது, ஆசிரியர் பேசிக்கொண்டே இருக்கிறார். காதில் குரல் கேட்பவருக்கு நீண்ட மௌனத்தைவிட இது எவ்வளவோ மேல். குரல் கேட்பவர்களுக்கான பயிற்சியை வடிவமைத்த பால் சாட்விக்கும் பத்து நிமிடத்துக்குள்தான் வைத்தார். இடையிடையே வழிகாட்டும் பேச்சு வந்துகொண்டே இருக்கும்.

தங்கிச் செய்யும் வகுப்புக்கு வருவோம். சிக்கல் அதிகம் இங்கேதான். கோயங்கா மரபின் பத்து நாள் விபாசனா மௌனத் தியான வகுப்பில் காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும். நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். மதியச் சாப்பாடு பதினொரு மணிக்கு. புதியவர்களுக்கு மாலை ஐந்துக்குத் தேநீரும் பழமும், பிறகு ஒன்றுமில்லை. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை என்று அவர்களே விதிமுறையில் எழுதியிருக்கிறார்கள், விண்ணப்பத்திலும் கேட்கிறார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிறது, வெளியே தெரிய வேண்டாம் என்று அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதுவது நம் வீடுகளின் வழக்கம். எழுதிவிட்டால், ஆறாம் நாள் இரவு அவர் தூங்காமல் நடந்துகொண்டிருக்கும்போது என்ன நடக்கிறது என்று அங்கே இருக்கும் யாருக்கும் புரியாது.

நேர அட்டவணை மாத்திரையோடு மோதும் இடங்களையும் பாருங்கள். மனச்சிதைவுக்கும் பைபோலாருக்கும் தரும் லுராசிடோனைச் சாப்பாட்டோடு, குறைந்தது 350 கலோரியோடு விழுங்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பில் சேருவது பாதியாகக் குறையும். இரவுச் சாப்பாடே இல்லாத இடத்தில் ராத்திரி லுராசிடோன் போட்டால் தினமும் அரை டோஸ்தான். குவெட்டியாபின், ஒலான்சபின் போன்ற தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்டவர் நாலு மணிக்கு எழுந்தால் தூக்கக் கலக்கத்தில் விழுவார். அதற்குப் பயந்து மாத்திரையைத் தள்ளிவைப்பார். பைபோலாருக்கு லித்தியம் எடுப்பவருக்குத் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை வெடவெடவென்று நடுங்குதல், வாந்தி, பேதி, தள்ளாட்டம், பேச்சு குழறுதல் தெரிந்தால் உடனே அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். பைபோலாருக்குத் தூக்கம் குறைவதே மேனியாவை (மிதமிஞ்சிய உற்சாக நிலையை) கிளப்பப் போதும். ஆகவே எங்கள் முடிவு: பைபோலார், மனச்சிதைவு இருப்பவர்களுக்குத் தங்கிச் செய்யும் வகுப்பே வேண்டாம், எத்தனை வருடம் நன்றாக இருந்திருந்தாலும்.

வீட்டில் ஆரம்பிப்பது இப்படி. நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்கார வேண்டும். கண்ணை மூட வேண்டாம். நாலடி தள்ளித் தரையைப் பார்த்தால் போதும். முதல் இரண்டு வாரம் மூன்று நிமிடம், பகலில். பிறகு ஐந்து. பத்துக்கு மேல் போவதானால் டாக்டரைக் கேட்டுவிட்டு. பேனிக் அட்டாக் (திடீரெனக் கடும் பயம் பிடிப்பது) வருகிறவரை மூச்சைக் கவனிக்கச் சொல்லக் கூடாது. மூச்சைப் பார்க்கப் பார்க்க "நின்றுவிடுமோ" என்ற பயம் பிடித்துக்கொள்ளும். பாதத்தின் அழுத்தம், உள்ளங்கைச் சூடு, வெளியே பஸ் சத்தம் எதுவும் ஆகும். பழைய வன்முறை நினைவு உள்ளவருக்கு முதுகுப் பக்கம் சுவரும், கண்ணெதிரே கதவும் இருக்கட்டும். ஓ.சி.டி. (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய்) இருப்பவர் "சரியாகச் செய்தேனா" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் அது தியானமல்ல, இன்னொரு சடங்கு. அன்றே நிறுத்தித் தெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள். வேக மூச்சுப் பயிற்சியை எல்லாருக்குமே தவிர்க்கச் சொல்கிறோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கி விரல் மரத்து, தலை சுற்றும். பயந்த சுபாவத்துக்கு அதுவே அடுத்த அட்டாக்.

எல்லாருக்கும் கெடுதல் வரும் என்று சொல்லவில்லை. 2020-இல் ஃபரியாஸ் குழு 83 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குப் பதற்றம், மனச்சோர்வு போன்ற பாதிப்பு வந்ததாகத் தெரிந்தது. அந்த எட்டில் நம் வீட்டு ஆள் இருக்கிறாரா என்பது கூட இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஒரு நோட்டில் தினமும் தூங்கிய மணி நேரத்தையும் மாத்திரை போட்டதையும் குறியுங்கள். இரண்டு இரவு தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல் இருந்தால், தனக்கு ஏதோ விசேஷமாகத் தெரிகிறது என்று பேச ஆரம்பித்தால், உடம்போ சுற்றியிருப்பதோ நிஜமில்லை போலிருக்கிறது என்றால், தற்கொலைப் பேச்சு வந்தால் தியானத்தை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. சாப்பாடு, தூக்கம், நடை என்று பழைய ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள். டாக்டரை அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் பாருங்கள். உடனே பேச ஆள் வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். தற்கொலைப் பேச்சு என்றால் அவரைத் தனியே விடாமல் நேராக எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்; போகும்போது அந்த நோட்டையும் மாத்திரைப் பட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.