இன்றைக்குக் கடுங்காப்பிதான்

காலையில் பால் வரவில்லை. இனிமேலும் வருமா என்பது சந்தேகம். காரணம் நான்தான் என்று அப்பா வீடு அதிரச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முந்தாநாளிலிருந்து எங்கள் வீடு பேய்வீடு. மூன்று வருடமாக "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்தக் குறும்படமேதான். செத்துப்போன ஒருத்தி, தான் காதலித்தவளைத் தேடி வருகிறாள். பழிவாங்க இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போக. நம்மூர்ப் பேய்களுக்கு எப்போதும் ஏதாவதொரு ஆம்பளையைத் துரத்துவதே பிழைப்பு. ஒரு மாறுதலுக்கு இருக்கட்டுமே. 2018லேயே உச்ச நீதிமன்றம் இந்த மாதிரிக் காதல் குற்றமில்லை என்று சொல்லியாயிற்று. ஆனால் ஷூட்டிங்குக்கு வீடு கேட்டால், "ரெண்டும் பொண்ணா?" என்றுதான் முதல் கேள்வி. பேயைப் பற்றி ஒருத்தரும் விசாரிக்கவில்லை. சரி என்று சொன்ன ஒரே வீட்டுக்கு வாசலில் ஒன்பது படி. நம்ம வீட்டிலாவது சறுக்குப்பாதை இருக்கிறது.

பெரம்பூரில் பேய்கூடக் கிடைக்கும், ரயில் ஹாரன் இல்லாத இரண்டு நிமிஷம் கிடைக்காது. பேய் வாயைத் திறக்கும்போதெல்லாம் வண்டி ஊதியது. ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகில் கேசரிப் பவுடரும் கொஞ்சம் டிகாக்‌ஷனும் கலந்தோம். நிறம் பிரமாதம். அரைமணி நேரத்தில் பேயை எறும்பு மொய்த்துவிட்டது.

ராத்திரி மூன்று மணிக்குக் கேமரா தம்பிக்கு ஞானம் பிறந்தது. டிராலிக்கு வாடகை கொடுக்கக் காசில்லை, என் வீல்சேர் சும்மாதானே இருக்கிறது? "1959லயே பிரெஞ்சு டைரக்டர் கோதார் கேமராமேனை வீல்சேர்ல உக்கார வச்சுத் தள்ளியிருக்காருக்கா!" அந்த வீல்சேர்க்காரர் அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் எவனும் சொல்வதில்லை. நான் கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஷாட் என்னவோ வெண்ணெய் மாதிரி வந்தது.

நாலு மணிக்கு லைட் எல்லாம் அவிந்தது. ஃபியூஸ் பார்க்க இரண்டு பேர், டீ குடிக்க மிச்சப் பேர். என் வீல்சேர் ஹாலில், காலில் மாட்டுகிற காலிப்பர் கட்டிலடியில், நான் இருட்டில். எறும்பு கடிக்கிறது. நேரம் பார்க்க மடியிலிருந்த போனைத் தட்டினேன். வெளிச்சம் கீழேயிருந்து முகத்தில் அடித்திருக்கும் போல. தலை வேறு அவிழ்ந்து கிடந்தது. அப்போது பார்த்து கேட்டில் பால்காரர்.

ராத்திரி முழுக்க "ஆக்‌ஷன்" கத்திய தொண்டையில், முடிந்தவரை மரியாதையாகத்தான் சொன்னேன்: "அண்ணே, கிட்ட வாங்களேன்... என்னால எந்திரிச்சு வர முடியாது..."

பாக்கெட்டுகள் தெருவெல்லாம் சிதறின. பன்னிரண்டு வருடமாக என்னை வீல்சேரிலேயே பார்த்தவர். வீல்சேர் இல்லாவிட்டால் நான் யாரென்றே தெரியவில்லை! இதற்கு நான் சிரிப்பதா கோபப்படுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் ரெக்கார்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளில் ஹாரன் விழாமல் பதிவான ஒரே சத்தம் அவருடைய அலறல். படத்தில் கண்டிப்பாக இருக்கும்.

அப்பா கத்துவதாவது பரவாயில்லை. அம்மா சத்தமே போடாமல் பின்கட்டில் புடவை அலசிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அரக்குப் பட்டு. முதல் நாள் மேக்கப்பின்போது வந்து, "யாரைத் தேடி வர்றா இவ?" என்று கேட்டாள். சொன்னேன். கதைதானே என்று அவள் கேட்கவில்லை, கதைதான் என்று நானும் சொல்லவில்லை. வாடகைக்கு வாங்கிய வெள்ளைப் புடவையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆசைப்பட்டவளைப் பார்க்க யாராவது இதையா கட்டிக்கிட்டு வருவா?" என்று சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தாள்.

முந்தானையில் சர்க்கரைப் பாகு கறை போகவில்லை. போகாது என்றுதான் நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்கலாமென்று பக்கத்தில் போனேன். அம்மா நிமிரவே இல்லை.

"நாளைக்கும் அவ வர்றால்ல? சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்."